மலப் பரிசோதனையில் ‘முட்டை, சிஸ்ட் காணப்படவில்லை’ என்று வந்துவிட்டால் புழுவே இல்லை என்று பொருளா?

கயல்:

வணக்கம். அம்மாவின் அறிக்கைகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 61. சில மாதங்களாகக் காலிலும் முகத்திலும் வீக்கம். சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பிரெட்னிசோலோன், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். அடுத்த வாரம் தொடங்குவதாக இருக்கிறோம்.

என் சந்தேகம் ஸ்டீராய்டைப் பற்றியது அல்ல. இரத்த அறிக்கையில் ஈசினோபில் என்கிற வெள்ளணு 14 விழுக்காடு, எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒரு மைக்ரோலிட்டரில் 1,190. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். மருத்துவர் அதைக் கவனித்து, ‘புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்’ என்று மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதிரி கொடுத்தோம். ‘முட்டை, சிஸ்ட்: காணப்படவில்லை’ என்று ஒற்றை வரியில் முடிவு வந்தது. (சிஸ்ட் என்றால் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் ஓடு மூடிய நிலையாம்.) ‘அப்படியென்றால் ஒவ்வாமையாக இருக்கும்’ என்று பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு மனம் ஆறவில்லை. அம்மா இளமை முழுவதும் வெறுங்காலுடன் மண்ணில் இறங்கி வேலை செய்தவர். அதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவருக்கு அவ்வப்போது இடுப்புக்குக் கீழும் தொடையிலும் சிவந்த கோடு போல ஒரு தடிப்பு கிளம்பும். காலையில் ஓர் இடத்தில் இருக்கும், மத்தியானத்துக்குள் நகர்ந்து வேறோர் இடத்தில் நிற்கும், மறுநாள் சுவடே இருக்காது. ‘பூச்சி ஏதாவது ஊர்ந்திருக்கும்’ என்று அவரும் விட்டுவிடுவார், நாங்களும் விட்டுவிடுவோம். இதுவரை எந்த மருத்துவரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஒரே ஒரு மலப் பரிசோதனையை நம்பி இருந்துவிடலாமா? மறுபடியும் பார்க்கச் சொல்லி மருத்துவரைத் தொந்தரவு செய்வது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமா?

இளம்பரிதி:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்றே ஒன்று கொடுத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசோதனை இல்லாமல்தானே கொடுக்கிறார்கள். புழு இருந்தால் போய்விடும், இல்லாவிட்டாலும் நட்டமில்லை. அதோடு இந்தக் கவலை தீர்ந்தது.

நுண்நோக்கர்:

சகோதரி, மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். இதில் அதிகப்பிரசங்கித்தனம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான செய்தி இதுவரை யாரிடமும் சொல்லாமல் விட்ட அந்தத் தடிப்புதான்.

நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தே காலம் கழித்தவன். மலம், சிறுநீர், சளி, இரத்தம் என்று ஒட்டுண்ணிகளைத் தேடுவதே என் வேலையாக இருந்தது. ‘காணப்படவில்லை’ என்ற சொல்லை அறிக்கைத் தாளில் கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை எழுதுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாதிரி வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ஸ்லைடின் ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்புநீர், மறுபக்கம் ஒரு சொட்டு அயோடின். குச்சியின் நுனியால் மலத்தைத் தொட்டு இரண்டிலும் கரைப்போம். ஸ்லைடுக்குப் போவது சுமார் 2 மில்லிகிராம்தான். ஒருவர் ஒரு நாளில் கழிப்பதோ நூறு கிராமுக்கு மேல். அந்த 2 மில்லிகிராமை மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, ஒரு மூலையில் தொடங்கி மேலும் கீழுமாக நகர்த்தி முழுவதும் பார்ப்போம். உருண்டைப்புழுவைப் போல ஒரு நாளில் இரண்டு லட்சம் முட்டை இடுகிற புழு உள்ளே இருந்தால் இதில் தப்பவே தப்பாது. கொக்கிப்புழு ஓரளவு கூடுதலாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் ஒரு நாள் ஏராளமாக வரும், இரண்டு நாள் எதுவுமே வெளியே வராது. அதனால்தான் வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரி என்று பாடப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் ஒன்றோடு நின்றுவிடுகிறது.

இப்போது உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். மண்ணில் வெறுங்கால், பல ஆண்டுகளாக விட்டுவிட்டு வருகிற தடிப்பு, அது கோடாகச் சில மணி நேரத்துக்குள் இடம் மாறுவது, உயர்ந்த ஈசினோபில். இவை நான்கும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற குடற்புழு. இதன் இளம்புழு தோலுக்கடியில் ஒரு மணி நேரத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும். வேறு எந்தப் புழுவின் தடமும் இந்த வேகத்தில் ஓடாது. நாய், பூனையின் கொக்கிப்புழு மனிதத் தோலில் புகுந்தால் வருகிற தடம் ஒரு நாள் முழுவதும் ஊர்ந்தாலும் ஓரிரு சென்டிமீட்டர்தான் போகும். உங்கள் அம்மாவுக்கு வேறு காரணமும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் பார்க்காமல் விடக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் அறிக்கை பொய் சொல்லவில்லை. முட்டை காணப்படவில்லை என்கிறது, சரிதான். இந்தப் புழுவின் முட்டை மலத்தில் வருவது மிக அரிது. பெண்புழு 2 மில்லிமீட்டர் நீளம்தான். சிறுகுடலின் உட்சுவருக்குள் புதைந்து கிடக்கும், அங்கேயே முட்டையிடும், அங்கேயே அது பொரிந்துவிடும். வெளியே வருவது கால் மில்லிமீட்டர் அளவுள்ள இளம்புழு. அதுவும் சில நாள் வரும், பல நாள் வராது. ஆகவே முட்டையையும் சிஸ்டையும் தேடிய பரிசோதனை இந்தப் புழுவைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. மண்ணிலிருந்து வருகிற மற்றக் குடற்புழுக்கள் பொதுவாக மனித உடலுக்குள் பெருகுவதில்லை. மண்ணிலிருந்து புதிதாக வராவிட்டால் அவற்றின் ஆயுள் முடிந்ததும் தொல்லையும் முடிந்துவிடும். இது அப்படியல்ல. இளம்புழுக்களில் சில வெளியேறுவதற்கு முன்பே முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து, மறுபடியும் இரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாக மூச்சுக்குழலுக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலுக்கே திரும்பிவிடும். அந்தக் கோடு இடுப்பிலும் தொடையிலும் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஒருமுறை நுழைந்தால் சிகிச்சை இல்லாமல் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்து–பர்மா ரயில் பாதை போட வைக்கப்பட்ட போர்க் கைதிகள் ஊர் திரும்பி நாற்பது ஆண்டு கழித்தும் அவர்கள் உடலில் இந்தப் புழு உயிரோடு இருந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அம்மா மண்ணை விட்டுப் பல ஆண்டு ஆகிவிட்டது என்பது இந்தப் புழுவின் விஷயத்தில் ஆறுதல் தராது.

சரி, என்ன கேட்க வேண்டும்? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இந்தப் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்குகிற எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்ப்பது. வசதி இருக்கிற இடத்தில் இதுவே முதல் தேர்வு, ஒரு மலப் பரிசோதனையைவிட இதில் தவறவிடுவது வெகு குறைவு. இரண்டாவது, அகார் தட்டு. சத்துக்கூழ் பூசிய தட்டின் நடுவில் மலத்தை வைத்து மூடி, ஓரிரு நாள் விட்டுவிடுவோம். இளம்புழு இருந்தால் அது தட்டின் மேல் ஊர்ந்து போகும். போகிற வழியெல்லாம் தன் உடலில் ஒட்டிய பாக்டீரியாவை விட்டுச் செல்லும். அந்தப் பாக்டீரியா வளர்ந்து வளைந்து வளைந்து போகிற கோடாகத் தட்டில் தெரியும். நுண்ணோக்கியே இல்லாமல் வெறுங்கண்ணால் அந்தத் தடத்தைப் பார்க்கலாம். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். மூன்றாவது, பேர்மன் முறை. வெதுவெதுப்பான நீர் நிரம்பிய புனலில் வலைத்துணி விரித்து, அதன் மேல் மலத்தை வைத்தால் இளம்புழுக்கள் வெம்மையைத் தேடி நீருக்குள் இறங்கி அடியில் சேர்ந்துவிடும். அங்கிருந்து எடுத்துப் பார்ப்போம். இங்கே 2 மில்லிகிராம் அல்ல, பல கிராம் மலத்தைச் சோதிக்கிறோம். வேறுபாடு அதில்தான்.

மாதிரி கொடுக்கும்போது இவற்றைக் கவனியுங்கள். அகார் தட்டு, பேர்மன் ஆகிய இரண்டு முறைக்கும் உயிருள்ள இளம்புழு வேண்டும். ஆகவே மாதிரியைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, பதப்படுத்தும் மருந்தில் போடக் கூடாது. சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது. எடுத்தவுடன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேரம் கடந்தால் இன்னொரு குழப்பமும் வரும்: கொக்கிப்புழுவின் முட்டை டப்பாவுக்குள்ளேயே பொரிந்து இளம்புழுவாகிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வாய்க்குழி நீளமாக இருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்தால் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ். அதைப் பார்த்துச் சொல்ல அனுபவப்பட்ட கண் வேண்டும். பரிசோதனைச் சீட்டில் ‘முட்டை, சிஸ்ட்’ என்று மட்டும் எழுதாமல், ‘ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் இளம்புழு உண்டா, ஸ்டீராய்டு தொடங்கப் போகிறோம்’ என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் ஆய்வகத்தில் இருப்பவர் தேடுகிற விதமே மாறும். ஒரு வரிச் சீட்டு வந்தால் ஒரு வரி பதில்தான் போகும்.

இளம்பரிதி அவர்களுக்கு: பள்ளிகளில் கொடுக்கும் அந்த ஒரு மாத்திரை நல்ல திட்டம், நான் அதை மதிக்கிறேன். உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் குறைத்து, பிள்ளைகளின் இரத்தசோகையைத் தடுக்க அது உதவுகிறது. ஆனால் அது பெருங்கூட்டத்தின் புழுச்சுமையைக் குறைக்கிற ஏற்பாடு. சாட்டைப்புழுவிடமே ஒற்றை மாத்திரை அவ்வளவாகச் செல்லாது. ஸ்ட்ராஞ்சிலாய்டிஸுக்கு அது போதவே போதாது. இங்கே ஒரு புழு மிஞ்சினாலும் மறுபடியும் பெருகிவிடும். ஆகவே குறைத்தால் போதாது, அடியோடு ஒழிக்க வேண்டும். அதற்கு முதன்மையான மருந்து ஐவர்மெக்டின். ‘ஒரு மாத்திரை கொடுத்தாயிற்று’ என்ற நிம்மதியோடு ஸ்டீராய்டைத் தொடங்குவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. ஏன் என்பதை மருத்துவர் யாராவது வந்து சொன்னால் நல்லது.

அருள்மொழி (மருத்துவர்):

நான் சொல்கிறேன். பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன்.

சாதாரண நிலையில் இந்தப் புழுவுக்கும் நம் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் இடையே ஓர் இழுபறி இருந்துகொண்டே இருக்கும். உள்ளே சுற்றி வருகிற இளம்புழுக்களின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஸ்டீராய்டு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. இளம்புழுக்கள் ஆயிரக்கணக்கில் குடற்சுவரைத் துளைத்து நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவும். போகும்போது குடலில் உள்ள பாக்டீரியாவையும் தன்னோடு இழுத்துச் செல்லும். நோயாளி எங்களிடம் வருவது புழுவோடு அல்ல. இரத்தத்தில் கிருமி, நிமோனியா, மூளை உறை அழற்சி என்று வருவார். குடலில் வாழ்கிற பாக்டீரியா மூளை உறையில் எப்படி வந்தது என்று கேட்டுப் பார்க்காவிட்டால் புழு கண்ணில் படாது. சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். சிகிச்சை கிடைத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

அந்தக் கட்டத்தில் ஈசினோபிலும் கைவிட்டுவிடும். ஸ்டீராய்டே அதைக் குறைத்துவிடுகிறது. எண்ணிக்கை இயல்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். ஆகவே உயர்ந்த ஈசினோபிலைப் பார்க்க வேண்டிய நேரம் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முந்தைய இப்போதுதான்.

பிரெட்னிசோலோன் கணக்கில் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல், இரண்டு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு என்றால் எச்சரிக்கை தேவை என்பது பொதுவான அளவுகோல். அதற்குக் குறைவான நாள்களில் வந்ததும் பதிவாகியிருக்கிறது. கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்கத் தொடங்கியபோதும் இதே எச்சரிக்கை எழுந்தது. எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

கயல், உங்கள் அம்மாவின் சிறுநீரகச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள், நீங்களாகத் தள்ளியும் போடாதீர்கள். அதுவும் அவசரம்தான். இந்தத் தடிப்பைப் பற்றி இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வரத் தாமதமாகும் என்றால், முடிவுக்குக் காத்திராமல் ஐவர்மெக்டினைக் கொடுத்துவிட்டு ஸ்டீராய்டைத் தொடங்குவது ஏற்கப்பட்ட வழக்கம். உடல் எடை ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில் ஓரிரு நாள் கொடுப்போம். அம்மாவுக்கு எத்தனை முறை என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். நடு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர் என்றால் மட்டும் லோவா லோவா என்ற கண்புழுவுக்கு இரத்தம் பார்க்காமல் இதைக் கொடுக்க மாட்டோம். அந்தப் புழு இரத்தத்தில் மிகுந்திருக்கும்போது கொடுத்தால் மூளையைப் பாதிக்கும். கால்நடைகளுக்கு விற்கிற ஐவர்மெக்டினை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

செங்காந்தள்:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. இரவானால் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமே இல்லை. மலப் பரிசோதனை இரண்டு முறை செய்தோம், இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஈசினோபிலும் இயல்பு. இவனுக்கும் அந்த இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

நுண்நோக்கர்:

மருத்துவர் அருள்மொழிக்கு நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

செங்காந்தள், உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது ஓர் ஒட்டுத்தாள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிற சாதாரண ஒட்டுநாடா போதும்.

இரவு மட்டும் ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இதன் பெண்புழு முட்டையை மலத்தில் விடுவதில்லை. பிள்ளை தூங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே வந்து, அங்கே உள்ள தோல் மடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகிறது. மலத்தை எத்தனை முறை பார்த்தாலும் பெரும்பாலும் இல்லை என்றே வரும். காலையில் பிள்ளை எழுந்ததும், கழுவுவதற்கு முன்பு, மலம் கழிப்பதற்கும் முன்பு, ஒட்டுநாடாவின் பசையுள்ள பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, அப்படியே ஸ்லைடின் மேல் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்தடுத்து மூன்று காலை செய்தால் தப்பிப்பது அரிது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கிற அந்த முட்டை நுண்ணோக்கியில் தெரிந்தால் வேறு எதனோடும் குழம்ப வழியில்லை. பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து விளக்கடித்துப் பார்த்தால், சில நேரம் ஒரு சென்டிமீட்டர் நீள வெள்ளை நூலாகப் புழுவே நெளிவது தெரியும். இது குடலுக்குள்ளேயே வாழ்கிற புழு, திசுவுக்குள் புகுந்து அலைவதில்லை. அதனால் ஈசினோபில் உயராததில் வியப்பில்லை.

சிகிச்சை எளிது, ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் இரண்டு வாரம் கழித்து மறுமுறை கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும்; கைக்குழந்தையோ கருவுற்றவரோ இருந்தால் அவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலையில் குளிக்க வைத்து உள்ளாடையை மாற்றுங்கள். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டை அறை முழுவதும் பரவும். இரண்டு வாரம் வரைகூட அது உயிரோடு இருக்கும். பிள்ளையைத் திட்டாதீர்கள். மிகச் சுத்தமான வீட்டிலும் இது வரும்.

இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வோர் ஒட்டுண்ணிக்கும் அது வெளிப்படுகிற இடமும் நேரமும் தனி. யானைக்கால் நோயின் நுண்புழு பல நாடுகளில் இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் கைகால் இரத்தத்தில் நிறைந்து வரும். பகலில் எடுத்த இரத்தத்தில் தேடினால் கிடைக்காது. சிறுநீர்ப்பையைச் சுற்றிய இரத்தக் குழாய்களில் வாழும் ஸ்கிஸ்டோசோமா என்ற புழுவின் முட்டைக்கு நண்பகலை ஒட்டிய சிறுநீர்தான் ஏற்றது, அதிலும் கடைசியில் வருகிற துளிகள். அமீபாவால் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தவர்களில் பெரும்பாலோரின் மலத்தில் அமீபா இருக்காது. அவர்களுக்கு ஸ்கேனும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும்தான் வழி. மலேரியாவுக்கு முதல் ஸ்லைடில் இல்லை என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறையாவது பார்க்காமல் கைவிடக் கூடாது. காய்ச்சல் உள்ளவரிடம் ‘மலேரியா இல்லை’ என்று ஒரே ஸ்லைடை வைத்துச் சொல்லி அனுப்புவதை நான் கடைசிவரை எதிர்த்திருக்கிறேன்.

ஈசினோபிலும் இப்படித்தான். புழு திசுவுக்குள் அலையும்போது உயரும். ஜியார்டியா, அமீபா போன்ற ஒற்றைச் செல் உயிரிகளுக்குப் பொதுவாக உயராது. ஆகவே உயர்ந்த ஈசினோபிலோடு வருகிறவரின் மலத்தில் ஜியார்டியா சிஸ்ட் ஒன்று கிடைத்துவிட்டால் அத்தோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. காரணம் இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மருந்துகள், அரிதாக இரத்தப் புற்றுநோய் ஆகியவையும் இதை உயர்த்தும். ஒவ்வாமை என்ற முடிவுக்கு வருவது தவறல்ல, புழுவைச் சரியாகத் தேடிவிட்டு வர வேண்டும்.

இளம்பரிதி:

இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எழுதிவிட்டேன். கயல், என் பதிலைப் பொருட்படுத்தாதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

கயல்:

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே மருத்துவரிடம் போனோம். தடிப்பைப் பற்றி அம்மாவே தன் வாயால் சொன்னார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ‘இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா’ என்றார். ‘புழுவுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும், நீங்கள் வயிற்றைப் பற்றித்தானே கேட்டீர்கள்’ என்றார் அம்மா. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இரத்தம் எடுத்தார்கள், மலத்தை அகார் தட்டில் வைத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டு ஸ்டீராய்டையும் குறித்த நாளில் தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பொருள் பரிசோதனை ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் உண்டு என்று வந்தது. மருந்து கொடுப்பதற்கு முன்பு எடுத்த மலத்தில், தட்டின் மேல் தடம் ஓடியிருந்ததாக ஆய்வகத்தில் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிறோம். என் குழந்தையை அம்மாதான் தூக்கி வைத்திருப்பார். எங்களுக்கும் தொற்றுமா? முழுவதும் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நுண்நோக்கர்:

சகோதரி, தட்டில் தடம் ஓடியது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஸ்டீராய்டுக்கு முன்பே கண்டுபிடித்தீர்கள். இதில் மிகப் பெரிய பங்கு உங்களுடையது.

குழந்தையை அம்மா தாராளமாகத் தூக்கட்டும். தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ இது பரவாது. மலத்தில் வரும் இளம்புழு தோலைத் துளைக்கிற பருவத்தை அடைய ஈரமண்ணில் ஓரிரு நாள் வேண்டும். தண்ணீர் ஊற்றி வெளியேற்றுகிற கழிப்பறையில் அதற்கு வாய்ப்பில்லை. மலம் மண்ணில் சேராமல் இருப்பதும், மண்ணில் இறங்கும்போது காலில் செருப்போ பூட்ஸோ இருப்பதும்தான் இதற்கான தடுப்பு. உடல் முழுவதும் பரவிய நிலையில் இருக்கும் நோயாளியின் சளியிலும் மலத்திலும் மட்டும் துளைக்கும் பருவத்து இளம்புழு நேரடியாகவே இருக்கும். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கையுறை போட வேண்டும். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை.

ஆனால் அம்மாவோடு அதே மண்ணில் வெறுங்காலுடன் வேலை செய்தவர்கள் இருப்பார்கள். அப்பா, சித்தி, மாமா யாராக இருந்தாலும் அவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அம்மாவிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியிருக்கும் என்பதற்காக அல்ல, அந்த மண் அவர்களுக்கும் கொடுத்திருக்கலாம் என்பதற்காக. அவர்களில் யாருக்காவது ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது, அதைச் சாப்பிடச் சாப்பிட இழுப்பு கூடுகிறது என்றால் முதலில் அவரைக் கூட்டிப் போங்கள். நுரையீரல் வழியாகப் போகிற இளம்புழுவும் இழுப்பை உண்டாக்கும்.

குணமானதைத் தெரிந்துகொள்ள இரண்டையும் பார்ப்பார்கள். மருந்து முடிந்து சில வாரம் கழித்து மலத்தை அதே அகார் தட்டில் மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள். பழைய முட்டை–சிஸ்ட் பரிசோதனையோடு விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பொருளின் அளவு உடனே இறங்காது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையாவிட்டால் மீண்டும் மருந்து தேவைப்படலாம். முதல் பரிசோதனையில் வந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், அதோடு ஒப்பிட்டால்தான் அடுத்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஈசினோபிலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஸ்டீராய்டு ஓடும்வரை அது தாழ்ந்தேதான் இருக்கும்.

இடையில் அம்மாவுக்குக் காய்ச்சல், விடாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பசம், மூச்சிரைப்பு, கடுமையான தலைவலி என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே யார் பார்த்தாலும் முதல் வாக்கியமாக ‘ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் இருந்தது’ என்று சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதி மாத்திரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இரண்டாவது முறை மாதிரி கொடுத்து முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.